கை நடுங்குகிறதா, தளர்கிறதா? நரம்புத்தசை நோயாளிகளிடம் நடுக்கத்தை ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

நரம்புத்தசை நோய்ப் பிரிவின் புறநோயாளிக் கூடத்தில் சில மாதம் உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். பலவீனத்தைப் பற்றி வரிசையாகக் கேட்போம். மாடிப்படி ஏற முடிகிறதா, தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடிகிறதா, செருப்பு கழன்றது தெரியாமல் நடந்திருக்கிறீர்களா. எல்லாம் முடிந்து மருந்துச் சீட்டையும் வாங்கிக்கொண்டு கதவு வரை போனவர் திரும்பி நின்று, "டம்ளரைத் தூக்கினா காபி சிந்துது சார், அதுக்கு ஒண்ணும் இல்லையா?" என்பார்.

அந்தக் கேள்விக்கு நம் கோப்புகளில் பெரும்பாலும் இடமே இல்லை. நடுக்கம் என்றதும் பார்க்கின்சன் நோய், அது இல்லாவிட்டால் எசென்ஷியல் ட்ரெமர் (வேறு நோய் இல்லாமல் கை நடுங்குவது) என்று மனசு மூளைக்குள் ஓடிவிடுகிறது. புற நரம்பும் தசையும் கெட்டாலும் கை நடுங்கும் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரியோடு நின்றுவிடும். அந்த ஒரு வரியை ஆய்வேடாக எடுக்க நினைக்கும் நரம்பியல் முதுநிலை மாணவர்கள், பிசியோதெரபி மாணவர்கள், ஈஎம்ஜி (தசையின் மின் சமிக்ஞையைப் பதிவு செய்யும் சோதனை) அறையில் வேலை செய்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான். இவர்களிடம் நடுக்கமும் தளர்ச்சியும் ஒரே கையில் பின்னிக் கிடக்கின்றன. பலத்தை அளக்காமல் நடுக்கத்தை மட்டும் அளந்தால், கிடைக்கிற எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

படி 1: எந்த நோயில் தேடுவது

நடுக்கம் அதிகம் தென்படுவது, புற நரம்பின் மயலின் உறை கெடும் நோய்களில். சிஐடிபி எனப்படும் நாள்பட்ட அழற்சி நரம்பு நோய் இதில் முக்கியமானது. 1984-லேயே டலாக்காஸ் குழுவினர், விட்டுவிட்டுத் திரும்பும் நரம்பு நோய்களில் நடுக்கமும் ஓர் அடையாளம் என்று எழுதினார்கள். ரத்தத்தில் ஐஜிஎம் புரதம் மிகுந்து வரும் நரம்பு நோயில் நடுக்கம் இன்னும் பரவலாக இருக்கிறது. அதைப் பற்றி 1996-ல் லண்டனிலிருந்து பெய்ன் குழுவினர் எழுதிய கட்டுரையை இந்தத் துறைக்குள் வருபவர்கள் முதலில் படித்துவிட வேண்டும். சிஐடிபி மாதிரியே தொடங்கி, ஐவிஐஜி (ரத்தநாளத்தில் ஏற்றும் எதிர்ப்புரத மருந்து) கொடுத்தும் கேட்காமல், இளவயதில் தள்ளாட்டத்தோடு பெரிய வீச்சில் கை ஆடினால் நியூரோஃபாசின்-155 என்ற நரம்புப் புரதத்தைத் தாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று சோதியுங்கள். அவர்களில் பலருக்கு ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து கேட்கிறது. இங்கே நடுக்கமே நோயின் உட்பிரிவைக் காட்டிக்கொடுக்கிறது.

பரம்பரை நோய்களில், கை கால் நரம்புகள் மெல்லக் கெடும் சார்கோ-மேரி-டூத். வளைந்த பாதம், கால் மெலிவு, கூடவே கை நடுக்கம் என்று ஒரு குடும்பத்தை ரூசியும் லேவியும் 1926-ல் விவரித்தார்கள். வெகுகாலம் அதைத் தனி நோயாகவே எண்ணினார்கள். பிறகு மரபணுவைப் பார்த்தபோது, அது சார்கோ-மேரி-டூத்தின் ஒரு தோற்றம்தான் என்று தெரிந்தது.

அப்புறம் முதுகுத்தண்டின் இயக்க நரம்பணுக்கள் கெடும் நோய்கள். எஸ்எம்ஏ என்ற பரம்பரை நரம்பணு நோய் உள்ள குழந்தைகளின் விரல்களை நீட்டச் சொன்னால், காற்றில் இலை அசைவதுபோல நுண்ணிய அசைவு தெரியும். கையைப் பார்க்காமலேயே அதைப் பிடிக்கலாம். இசிஜி எடுக்கும்போது அடிக்கோடு நேராக வராமல் நெளிநெளியாக வரும். இயந்திரக் கோளாறு என்று நினைத்து இரண்டு மூன்று முறை எடுப்பார்கள். கென்னடி நோய் 1968-ல் விவரிக்கப்பட்டது, மரபணு 1991-ல் தெரிந்தது. இதில் பலவீனம் வருவதற்குப் பல வருடம் முன்பே கை நடுங்கத் தொடங்கலாம். நடுத்தர வயது ஆண், கை நடுக்கம், உதட்டைச் சுற்றித் துடிப்பு, மார்பு வீக்கம் என்று நான்கும் சேர்ந்தால் சந்தேகப்படுங்கள்.

நம் பக்கத்தில் இருப்பவர்கள் இன்னும் இரண்டை மறக்கக் கூடாது. இளைஞர்களுக்கு ஒரு கையின் முன்கைப் பகுதி மட்டும் மெலியும் நோயை ஹிராயாமா 1959-ல் ஜப்பானிலிருந்து விவரித்தார். கௌரி தேவி குழுவினர் 1984-ல் பெங்களூரிலிருந்து, ஒற்றை அவயவம் மட்டும் மெலியும் நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஹிராயாமா நோயில் விரலை நீட்டும்போது நுண்ணிய நடுக்கம் வருவதும், குளிரில் கை இன்னும் தளர்வதும் தெரிந்த அடையாளங்கள். 1970-ல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் விவரித்த 'மெட்ராஸ் வகை' இயக்க நரம்பணு நோயும் இளவயதில் வருவதுதான். முக நரம்புத் தளர்ச்சியும் செவித்திறன் குறைவும் சேர்ந்து, மெதுவாக நகரும் நோய் அது. ஊர்ப் பெயரையே தாங்கிய நோய் இருந்தும், அதில் நடுக்கத்தைக் கருவி வைத்து அளந்து பார்க்க யாருக்காவது தோன்ற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

தசை நோயில் நடுக்கம் வராது என்று முன்பு சொல்லிவிடுவார்கள். 2019-ல் எம்ஒய்பிபிசி1 என்ற மரபணு மாற்றத்தோடு நடுக்கமும் லேசான தசை நோயும் வரும் குடும்பங்கள் விவரிக்கப்பட்டன. தசையின் சுருங்கும் அமைப்பிலிருந்தே நடுக்கம் கிளம்பலாம் என்ற யோசனை அதன் பிறகு வலுத்தது.

படி 2: கேள்வியைச் சுருக்குங்கள்

"நரம்புத்தசை நோய்களில் நடுக்கம்" என்பது தலைப்பு, கேள்வி இல்லை. எத்தனை பேருக்கு இருக்கிறது, எப்படிப்பட்டது, எங்கிருந்து வருகிறது, சிகிச்சையால் மாறுகிறதா என்ற நான்கில் ஒன்றை எடுங்கள். நான்கையும் இரண்டு வருடத்தில் முடிக்கப் பார்த்தவர்கள் நான்கையும் அரைகுறையாக விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

எத்தனை பேருக்கு என்ற கேள்விக்கு ஆள் நிறைய வேண்டும். சரிபாதிப் பேருக்கு நடுக்கம் இருக்கும் என்று எதிர்பார்த்து, 95 சதவீத நம்பிக்கையில் 10 சதவீதம் முன்பின்னாகச் சொல்ல 96 பேர் தேவை. 15 சதவீதம் முன்பின் போதும் என்றால் 43. வெறும் 30 பேரை வைத்தால் பிழை 18 சதவீதம் வரை போகும். அபூர்வ நோய்க்கு 96 பேரை எங்கே பிடிப்பது? அதனால்தான் ஒரே மருத்துவமனையில் செய்பவர்களிடம், எண்ணிக்கையை விட்டுத் தன்மையை எடுங்கள் என்பேன். இருபது பேரை ஆழமாக அளந்தால் சொல்ல விஷயம் இருக்கும்.

ஒப்பீட்டுக் குழுவில் ஆரோக்கியமானவர்களை மட்டும் வைக்காதீர்கள். அதே நோய் இருந்து, அதே அளவு பலவீனமும் இருந்து, நடுக்கம் மட்டும் இல்லாதவர்கள்தான் உங்களுக்கு உண்மையில் கற்றுத்தருவார்கள்.

படி 3: ஒப்புதல்

நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு வீடியோகூட எடுக்கக் கூடாது. ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைகளின்படி, 7 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் பெற்றோர் ஒப்புதலோடு குழந்தையின் சம்மதமும் கேட்க வேண்டும். எஸ்எம்ஏ ஆய்வில் இது அடிக்கடி வரும். ஒப்புதல் படிவத்தை வீட்டில் பேசும் தமிழில் எழுதி, உங்கள் ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். வீடியோவுக்குத் தனிக் கையெழுத்து. கை நடுங்குபவரிடம் நாலு இடத்தில் கையெழுத்துக் கேட்கிறோம் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கைநாட்டும் செல்லும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 4: அவர் சொல்வது நடுக்கம்தானா?

நடுக்கம் என்றால் தன்னிச்சையின்றி, ஒரு தாளத்தோடு, முன்னும் பின்னுமாக ஒரு உறுப்பு அசைவது. 2018-ல் உலக இயக்கக் கோளாறு சங்கத்தின் குழு வெளியிட்ட வகைப்பாடும் இந்த வரையறையிலிருந்தே தொடங்குகிறது. இதில் தாளம் என்ற சொல்தான் உயிர்.

ஆனால் நோயாளி வரையறை பார்த்துப் பேச மாட்டார். "கை நடுங்குதா?" என்றால் இல்லை என்பார். "உதறுதா?" என்றால் ஆமாம் என்பார். சிலருக்கு நடுக்கம் என்பது பயத்தில் வருவது, அல்லது குடித்தவருக்கு வருவது. ஒப்புக்கொள்ளக் கூச்சம். "சதை துடிக்குது" என்பவர் பெரும்பாலும் தசைத் துடிப்பைச் சொல்கிறார். "கை வெடவெடங்குது" என்பவர் சர்க்கரை இறங்கியதைச் சொல்லலாம். நடுங்குது, உதறுது, ஆடுது, துடிக்குது என்று நான்கு சொல்லையும் கேள்வித்தாளில் போடுங்கள். கூடவே வேலையைக் கேளுங்கள். ரசம் சாதம் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போது சிந்துகிறதா, ஊசியில் நூல் கோக்க முடிகிறதா, கோலப்பொடிக் கோடு நேராக விழுகிறதா, பேங்கில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினார்களா. கடைசிக் கேள்விக்குத்தான் ஆட்கள் மனம் திறந்து பேசுகிறார்கள்.

அடுத்து, கண்ணால் பிரிப்பது. விரல் நுனிகள் தாளமில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொடுக்கினால் அது நுண் மயோக்ளோனஸ். எஸ்எம்ஏ, ஹிராயாமா நோய்களில் வரும். கண்ணை மூடச் சொன்னதும் நீட்டிய விரல்கள் பியானோ வாசிப்பதுபோல மெதுவாக அலைந்தால் அது உணர்ச்சி இழப்பால் வரும் அலைவு. சிஐடிபி நோயாளியிடம் இதுவும் நடுக்கமும் சேர்ந்தே இருக்கும். ஆகவே கண் திறந்து ஒரு முறை, மூடி ஒரு முறை பாருங்கள். தூக்கிப் பிடித்த கை சட்டென்று தொய்ந்து மறுபடி எழுந்தால் அது ஆஸ்டெரிக்ஸிஸ், கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பாருங்கள். தசைகள் சீக்கிரம் களைத்துப்போகும் மயஸ்தீனியா நோயில் கையை நீட்டி ஒரு நிமிடம் ஆனதும் களைப்பில் ஒழுங்கற்று ஆடத் தொடங்கும். தொடக்கத்தில் இல்லாமல் பிறகு வந்தது என்பதே தடயம்.

மனம் சார்ந்த நடுக்கமும் இந்த நோயாளிகளுக்கு வராது என்று சட்டம் எதுவும் இல்லை. மறு கையால் வேறு வேகத்தில் தாளம் தட்டச் சொல்லுங்கள். நடுங்கும் கை அந்தத் தாளத்துக்கு மாறினாலோ நின்றுவிட்டாலோ குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: அன்றைய நிலை

நடுக்கம் நாளுக்கு நாள், மணிக்கு மணி மாறும். காபி, டீ, பீடி, சரியான தூக்கம் இல்லாமை, பதற்றம் எல்லாம் அதைக் கூட்டும். அதைவிட முக்கியம் மருந்துகள். இந்த நோய்களுக்குக் கொடுக்கும் மருந்துகளே நடுங்க வைக்கும். மயஸ்தீனியாவுக்கு டாக்ரோலிமஸ், பிறவி மயஸ்தீனியாவுக்கும் எஸ்எம்ஏ-வுக்கும் சால்புட்டமால், பலவற்றுக்கும் ஸ்டீராய்டு. வலிப்புக்காகவோ ஒற்றைத் தலைவலிக்காகவோ வால்ப்ரோயேட் எடுக்கிறாரா என்று கேளுங்கள். தைராய்டு பரிசோதனை கண்டிப்பாக வேண்டும். இந்தப் பட்டியலை விட்டுவிட்டு எழுதிய ஆய்வேட்டை, தேர்வாளர் முதல் பக்கத்திலேயே மூடிவிடலாம்.

எந்த மருந்து, எத்தனை மணிக்கு, ஐவிஐஜி என்றால் போட்டு எத்தனை நாள் என்று எழுதுங்கள். திரும்ப அளக்கும்போது அதே நாளிலும் அதே நேரத்திலும் அளக்க வேண்டும். அடுத்த ஐவிஐஜிக்கு முந்திய நாள் ஒரு முறையும், போட்டு ஒரு வாரத்தில் இன்னொரு முறையும் அளந்துவிட்டு, இரண்டையும் ஒப்பிட்டு நோய் குணமாகிறது என்று எழுதினால் அது உண்மையாகாது. அறை குளிராக இருக்கக் கூடாது. ஹிராயாமா நோயாளியைக் கடும் ஏசியில் உட்கார வைத்தால் நீங்கள் அளப்பது குளிரைத்தான்.

படி 6: முதலில் பலம்

நடுக்கக் கருவியைத் தொடும் முன் பலத்தை அளந்து முடியுங்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் என்று ஒவ்வொரு மூட்டுக்கும் எம்ஆர்சி என்ற தசைபல மதிப்பெண் 0 முதல் 5 வரை (0 என்றால் அசைவே இல்லை, 5 முழு பலம்). பிடிபலத்துக்கு டைனமோமீட்டரில் மூன்று முறை. பிறகு சுண்டுவிரல் முதல் முழங்கை வரை அதிர்வுணர்ச்சியும் மூட்டு நிலை உணர்ச்சியும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? தோள் தசை எம்ஆர்சி 3-க்குக் கீழ் தளர்ந்தவரிடம், கையை நீட்டிப் பிடி என்று சொன்னால் பிடிக்க முடியாது. கை மடியில் கிடக்கும், நடுங்காது. தாளில் "நடுக்கம் 0" என்று எழுதுவோம். அது தவறு. எழுத வேண்டியது "சோதிக்க முடியவில்லை". பூச்சியத்துக்கும் இந்த வெற்றிடத்துக்கும் தனித்தனிக் குறியீடு வையுங்கள். இல்லாவிட்டால் மிகவும் தளர்ந்தவர்கள் எல்லாம் உங்கள் அட்டவணையில் நடுக்கமே இல்லாதவர்களாக உட்கார்ந்துவிடுவார்கள். நோய் முற்றி நடுக்கம் குறைவதை முன்னேற்றம் என்று படிக்க நேரும். எதிர்ப்பக்கமும் உண்டு. சிகிச்சையால் தோள் பலம் திரும்பி, முன்பு தூக்க முடியாத கையைத் தூக்குகிறார். முதல் முறையாக நடுக்கம் வெளியே தெரிகிறது. மருந்து நடுக்கத்தைக் கூட்டிவிட்டது என்று எழுதிவிடுவீர்கள்.

படி 7: கண்ணும் காகிதமும்

கையை வைக்கச் சொல்லும் நிலைகள் இவை: மடியில் கை ஓய்வாக, இரு கையும் முன்னால் நீட்டி, முழங்கையை மடக்கி விரல் நுனிகளை மார்புக்கு முன் எதிரெதிரே பிடித்து, விரலால் மூக்கைத் தொட்டு. ஒவ்வொன்றும் 30 முதல் 60 வினாடி, நடுவே இரண்டு நிமிட ஓய்வு. தோள் தளர்ந்தவர்களுக்கு ஐந்தாவதாக ஒன்று உண்டு, அதுதான் என் நம்பிக்கைக்கு உரியது. முன்கை முழுவதையும் நாற்காலிக் கையில் தாங்க வைத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே தொங்கும்படி விட்டு, உள்ளங்கையை மட்டும் நேராகத் தூக்கச் சொல்லுங்கள். தோள் பலவீனம் கணக்கிலிருந்து விலகிவிடும். பலம் வேறுபட்டவர்களையும் இந்த நிலையில் ஒப்பிடலாம்.

மதிப்பெண் அளவுகோல்களில் ஃபான்-டோலோசா-மரின், டெட்ராஸ் இரண்டும் புழக்கத்தில் உள்ளவை, 0 முதல் 4 வரை போடுபவை. இரண்டும் மூளை சார்ந்த நடுக்கத்தை மனதில் வைத்துச் செய்தவை. டெட்ராஸில் கை நீட்டும் நிலையில் 4 வாங்க 20 சென்டிமீட்டர் ஆட வேண்டும். எஸ்எம்ஏ குழந்தையின் விரல் அசைவு அந்த அளவுகோலின் அடிமட்டத்திலேயே நின்றுவிடும். ஃபான்-டோலோசா-மரினில் ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் சோதனை உண்டு. தண்ணீர் சிந்தியது நடுக்கத்தாலா, டம்ளரைப் பிடிக்கும் பலம் இல்லாததாலா? அளவுகோலுக்குத் தெரியாது, நீங்கள்தான் பக்கத்தில் எழுத வேண்டும்.

ஆர்க்கிமிடிஸ் சுருள் வரையச் சொல்லுங்கள். கையைக் காகிதத்தில் ஊன்றக் கூடாது என்பது வழக்கமான விதி. தோள் தளர்ந்தவரிடம் ஊன்றாமல் ஒன்று, ஊன்றி ஒன்று என இரண்டும் வாங்குங்கள். தளர்ச்சியால் வரும் கோணல் பெரிதாகவும் ஒழுங்கில்லாமலும் இருக்கும். நடுக்கத்தின் நெளிவு ரம்பப் பல் மாதிரி சீராக வரும். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும்.

வீடியோவை, நோய் எது என்று தெரியாத இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிட வேண்டும். முகம் தெரியாமல் எடுங்கள். மெலிந்த கையைப் பார்த்தே நோயை ஊகித்துவிடுவார்கள் என்பது உண்மைதான், அதை மறைக்க வழியில்லை. கட்டுரையில் ஒப்புக்கொண்டுவிடுங்கள்.

படி 8: கருவி

செல்போனிலேயே முடுக்கமானி (அசைவின் வேக மாற்றத்தை அளக்கும் கருவி) இருக்கிறதே என்று எல்லோருக்கும் தோன்றும். இருக்கிறதுதான். ஆனால் போனின் எடை சுமார் 200 கிராம். தளர்ந்த கையின் மேல் 200 கிராமைக் கட்டினால் நடுக்கமே மாறிவிடும். போதாக்குறைக்கு, போன் மாதிரிகளைச் சீரான இடைவெளியில் எடுப்பதில்லை, பிறகு சீர்செய்ய வேண்டியிருக்கும். சில கிராம் எடையுள்ள முப்பரிமாண முடுக்கமானியைப் புறங்கையில், நடுவிரல் எலும்பின் மேல், டேப்பால் ஒட்டுங்கள். வினாடிக்கு 100 மாதிரி போதும். வசதியிருந்தால் சுழற்சியை அளக்கும் கைரோவும் உள்ள கருவியாக வாங்குங்கள். முடுக்கமானி புவியீர்ப்பையும் சேர்த்துப் படிக்கிறது. கை 1 டிகிரி சாய்ந்தாலே 0.17 மீட்டர்/வினாடி² பொய்யாகச் சேரும். கைரோவில் அந்தத் தொல்லை இல்லை.

கூடவே மேற்பரப்பு ஈஎம்ஜி, மணிக்கட்டை நிமிர்த்தும் தசையிலும் மடக்கும் தசையிலும். வினாடிக்கு 1000 மாதிரிக்குக் குறையக் கூடாது. மெலிந்த தசையில் சமிக்ஞை சிறியது, அதனால் தோலை ஸ்பிரிட்டால் நன்றாகத் துடைத்த பிறகே மின்முனையை ஒட்டுங்கள். 50 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 50 அதிர்வு) மின் இரைச்சல் பழைய கட்டடங்களில் கூடுதல்.

நோயாளி வருவதற்கு முன், கருவியை வெறும் மேசையில் வைத்து ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் ஆரம்ப காலத்தில் மூன்று நோயாளிகளுக்கு அடுத்தடுத்து 3 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரே மாதிரி சின்ன மேடு வந்தது. பெரிய கண்டுபிடிப்பு என்று பூரித்துப்போனோம். கடைசியில் பார்த்தால், கருவியின் நீண்ட வயர் ஒட்டப்படாமல் மின்விசிறிக்கு நேர் கீழே தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து வயரை முழங்கை வரை டேப் போட்டு ஒட்டுகிறேன், விசிறியை நிறுத்துகிறேன், வெற்றுப் பதிவையும் எடுக்கிறேன்.

படி 9: எடை சோதனை

எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இருப்பதில் மலிவான விடை இதுதான். கை என்பது ஒரு ஸ்பிரிங்கின் நுனியில் கட்டிய எடை மாதிரி. அதற்கென்று ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. எடை கூடினால் அந்த அதிர்வெண் குறையும். நிலைமம் இரண்டு மடங்கானால் அதிர்வெண் சுமார் 0.7 மடங்காகும், 8 ஹெர்ட்ஸ் 5.7-க்கு இறங்கும். எடை வைத்ததும் அதிர்வெண் 1 ஹெர்ட்ஸுக்கு மேல் இறங்கினால், நடுக்கம் மூட்டின் இயக்கவியலிலிருந்தும் அனிச்சைச் சுற்றிலிருந்தும் வருகிறது. இறங்காமல், ஈஎம்ஜியிலும் அதே அதிர்வெண்ணில் முகடு நின்றால், மேலே எங்கோ ஓர் இயக்கி தாளம் போடுகிறது. மனம் சார்ந்த நடுக்கத்தில் எடை வைத்ததும் வீச்சு கூடுவதும் உண்டு.

வழக்கமாக 500 கிராமோ 1 கிலோவோ வைப்பார்கள். நம் நோயாளிகளிடம் அப்படிச் செய்யாதீர்கள். படி 6-ல் அளந்த பலம் இங்கேதான் கைகொடுக்கும். மணிக்கட்டின் உச்ச பலத்தில் எல்லோருக்கும் ஒரே சதவீதம் வரும்படி எடையைத் தேர்ந்தெடுங்கள். ஒருவருக்கு 100 கிராமும் இன்னொருவருக்கு 400 கிராமும் வரலாம். தலையைச் சுற்றும் வேலைதான். ஆனால் ஒரே எடையை எல்லோருக்கும் வைத்தால், ஒருவரின் நடுக்கத்தையும் இன்னொருவரின் களைப்பையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

படி 10: கணக்கு

60 வினாடிப் பதிவிலிருந்து சராசரியையும் மெதுவான சரிவையும் நீக்குங்கள். 1 முதல் 30 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டுங்கள். 4 வினாடித் துண்டுகளாக, பாதிக்குப் பாதி மேற்பொருந்தும்படி வெட்டினால் 29 துண்டுகள் கிடைக்கும், அதிர்வெண் துல்லியம் 0.25 ஹெர்ட்ஸ். அவற்றின் சராசரியை எடுக்கும் வெல்ச் முறையில் நிறமாலை, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அசைவு என்று காட்டும் படம், வரையுங்கள். ஈஎம்ஜியில் 20 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை மட்டும் வைத்து வடிகட்டி, எதிர்ப்பக்கத்தைப் புரட்டி நேராக்கிய பிறகே நிறமாலைக்குக் கொடுக்க வேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டு, ஈஎம்ஜியில் முகடே இல்லை என்று வந்தவர்கள் உண்டு. முடுக்கத்துக்கும் ஈஎம்ஜிக்கும் இடையே ஒத்திசைவையும், அதாவது இரண்டும் ஒரே தாளத்தில் போகின்றனவா என்பதையும், கணக்கிடுங்கள்.

முகடு கூர்மையாக நின்றால் நடுக்கம். பல அதிர்வெண்ணில் பரந்து கிடந்தால் நுண் மயோக்ளோனஸாகவோ களைப்பு ஆட்டமாகவோ இருக்கலாம், வீடியோவுக்குத் திரும்பிப் போங்கள். 8 முதல் 12 ஹெர்ட்ஸ் என்பது எல்லோர் கையிலும் உள்ள இயல்பு நடுக்கம். 4 முதல் 6, ஓய்வில், என்றால் கூடவே பார்க்கின்சன் இருக்கிறதா என்றும் யோசிக்க வேண்டும். அதிர்வெண்ணை மட்டும் வைத்து நோயைச் சொல்லாதீர்கள்.

முடுக்கத்தை அப்படியே வீச்சாக எழுதக் கூடாது. இடப்பெயர்ச்சி என்பது முடுக்கத்தை (2π × அதிர்வெண்) என்பதன் வர்க்கத்தால் வகுப்பது. முடுக்கம் 1 மீட்டர்/வினாடி² என்றால் 6 ஹெர்ட்ஸில் கை 0.7 மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கிறது, 4 ஹெர்ட்ஸில் 1.6 மில்லிமீட்டர். ஒரே முடுக்கம், இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

வீச்சை லாகரிதமாக மாற்றியே ஒப்பிடுங்கள். கண்ணால் போடும் மதிப்பெண்ணும் வீச்சின் லாகரிதத்தோடுதான் ஒத்துப்போகிறது. இரண்டு கையும் இரண்டு ஆள் இல்லை. 20 பேரின் 40 கையை 40 என்று எண்ணிச் சோதனை போடாதீர்கள், ஆளைச் சமவாய்ப்பு விளைவாக வைக்கும் கலப்பு மாதிரியைப் பயன்படுத்துங்கள். பலத்தை அந்த மாதிரியில் மாறியாகச் சேருங்கள். அதைச் சேர்த்த பிறகும் நடுக்கம் நோய்க்கு நோய் வேறுபட்டால்தான் சொல்ல விஷயம் இருக்கிறது.

படி 11: வந்த முடிவை எப்படிப் படிப்பது

மூன்று விளக்கங்கள் புழங்குகின்றன. முதலாவது, தளர்ச்சி. நரம்பணுக்கள் செத்து, மிஞ்சியவை அனாதையான தசை இழைகளைத் தத்தெடுத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு இயக்க அலகும் (ஒரு நரம்பணுவும் அது இயக்கும் இழைகளும்) பெரிதாகிறது. நூறு பேர் தேர் இழுத்தால் ஓட்டம் சீராக இருக்கும், பத்துப் பேர் இழுத்தால் குலுங்கும். எஸ்எம்ஏ-வுக்கும் கென்னடி நோய்க்கும் இது பொருந்துகிறது.

இரண்டாவது, தாமதம். தசையிலிருந்து தண்டுவடத்துக்கும் திரும்பவும் செய்தி போய்வர நேரமாகிறது. முன்கைக்குப் போக வர 1.5 மீட்டர் என்று வையுங்கள். ஆரோக்கியமான நரம்பில் வினாடிக்கு 50 மீட்டர், 30 மில்லிவினாடி ஆகும். மயலின் கெட்டு 20 மீட்டராக இறங்கினால் 75. தாமதமாக வரும் திருத்தம் தப்பான நேரத்தில் தள்ளி ஊஞ்சலை ஆட்டும். கேட்க அழகான விளக்கம். ஆனால் கடத்துவேகம் மிகவும் குறைந்த சார்கோ-மேரி-டூத் நோயாளிகள் பலருக்குக் கையில் ஓர் அசைவும் இல்லையே. தாமதம் மட்டும் போதாது.

மூன்றாவது, சிறுமூளை. நேரம் தப்பி, சிதைந்து வரும் செய்தியைச் சிறுமூளை சரிக்கட்ட முயன்று தாளத்தில் மாட்டிக்கொள்கிறது என்பது பெய்ன் குழுவின் யோசனை. 2013-ல் ஷ்விங்கன்ஷூ குழுவினர் கண்ணிமைப் பழக்கச் சோதனையை (ஒலி கேட்டதும் இமைக்கப் பழகுகிறாரா என்று பார்ப்பது) வைத்து, நடுக்கமுள்ள அழற்சி நரம்பு நோயாளிகளிடம் சிறுமூளையின் வேலை பிறழ்ந்திருப்பதைக் காட்டினார்கள். சார்கோ-மேரி-டூத் நோயாளிகளிடம் செய்த ஆய்வில் அப்படிப் பிறழ்வு தெரியவில்லை. ஆக, வெளியே ஒரே மாதிரி தெரிகிற நடுக்கம் இரண்டு நோயில் இரண்டு வழியாக வரலாம். எல்லா நோயையும் ஒரே குழுவில் போட்டுச் சராசரி எடுக்காதீர்கள் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

படி 12: நோயாளிக்குத் திரும்பச் சொல்வது

ஒரு மணி நேரம் உட்கார வைத்து அளந்தவரிடம் முடிவைச் சொல்லாமல் அனுப்பக் கூடாது. கோப்பில் ஒரு பத்தி எழுதி வையுங்கள்: நடுக்கம் உண்டா, எந்த நிலையில், எத்தனை ஹெர்ட்ஸ், அன்று பலம் எவ்வளவு, எந்த மருந்தில் இருந்தார். அடுத்த மருத்துவர் நடுக்கத்தைப் பார்த்ததும் வழக்கமான நடுக்க மருந்தான ப்ரோப்ரானலால் எழுதப் போகலாம். மயஸ்தீனியாவில் அது பலவீனத்தைக் கூட்டக்கூடும், ஆஸ்துமா இருந்தால் ஆகாது. அதையும் அந்தப் பத்தியிலேயே சிவப்பு மையில் எழுதிவிடுங்கள்.

காபி சிந்துகிறது என்று கேட்டவருக்கும் பதில் சொல்ல வேண்டும். கனமான டம்ளர் வைத்துக்கொள்ளுங்கள் என்று மற்ற நடுக்கக்காரர்களுக்குச் சொல்லும் யோசனையை, தளர்ந்த கைக்குச் சொல்லாதீர்கள். முழங்கையை மேசையில் ஊன்றி, பாதி டம்ளர் மட்டும் ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கட்டும். அங்கேயே ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.